சோர்ஸ் மட்டும் சொல்ல மாட்டோம்!

"இந்த ஷர்ட் எங்கடா எடுத்த?"னு கேட்டா "சும்மா, ஆன்லைன்ல"னு ஒரு பதில் வரும். லிங்க் மட்டும் வராது. "அந்த மீன் குழம்புச் சாப்பாடு எந்தக் கடை?"னு கேட்டா "பஸ் ஸ்டாண்ட் பக்கம்"னு கையை ஒரு திசையில காட்டுவாங்க. அந்தத் திசையிலதான் பாதி ஊரே இருக்கு. இத்தனைக்கும் இதே ஆள் நேத்து பார்த்த ஒரு மொக்கைப் படத்தைப் பத்தி ஸ்டேட்டஸ்ல நாலு பத்தி எழுதியிருப்பார். பிடிக்காததை ஊருக்கே சொல்றோம், ரொம்பப் பிடிச்சதை மட்டும் ஏன் மூடி வைக்கிறோம்?

இப்போ இதுக்கு நாம வெச்சிருக்கிற பேரு கேட்கீப்பிங். இன்ஸ்டாகிராம்ல பிறந்த வார்த்தைனு நினைக்கிறோம், ஆனா சமூக அறிவியலுக்குள்ள இது சாப்பாடு வழியாத்தான் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சியெல்லாம் ராணுவத்துக்குப் போனது. வீட்டில் இருப்பவர்களை ஈரல், இதயம், சிறுநீரகம் சாப்பிட வைப்பது எப்படி என்பது அரசாங்கத்துக்குப் பெரிய தலைவலி. அதை ஆராய்ந்த உளவியலாளர் கர்ட் லெவின் 1943-ல் எழுதினார்: கடையிலிருந்து தட்டு வரைக்கும் உணவு வரும் பாதையில் சில வாசல்கள் இருக்கின்றன, பெரும்பாலான வாசல்களில் நிற்பது அந்த வீட்டு அம்மாதான். அவர் விட்டால்தான் உள்ளே வரும். லெவின் சொன்ன வாசல் காப்பவர் உணவை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர். நாம இன்னிக்குக் காக்கிறது வேற வாசல். பொருள் இருக்கிற இடத்தைப் பத்தின செய்தியை வெளியே விடாம நிக்கிறோம்.

எல்லாப் பொருளுக்கும் இப்படி நிக்கிறோமானா இல்ல. காரைக்கால்னு சொன்னதும் வெளியூர் மாமா, சித்தப்பா எல்லாரும் ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே கேட்கிற முதல் கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் கலால் வரியில் இருக்கிற வித்தியாசத்தால் இங்கே சரக்கு விலை குறைவு. இதை யாராவது ரகசியமா வெச்சிருக்காங்களா? நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர்னு மூணு மாவட்டத்துக்கும் தெரியும். ஏன்னா இன்னும் நூறு பேர் வந்தாலும் கடையில பாட்டில் தீராது, நாளைக்கு லாரியில மறுபடி வரும். தீராத பொருளுக்கு யாரும் காவல் நிக்க மாட்டாங்க.

அதே ஊர்ல மீன் விஷயத்துக்கு வாங்க. கிழக்குக் கரை முழுக்க ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. (நம்ம யூனியன் பிரதேசத்துலயே இருக்கிற மாஹே மேற்குக் கரைங்கறதால அங்க ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரைக்கும். ஒரே அரசாங்கம், ரெண்டு காலண்டர்.) விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். பாரம்பரியப் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். அந்த ரெண்டு மாசமும் உயிரோட துள்ளுற மாதிரி ஒரு கொடுவா கிடைக்கிறதே பெரிசு. ஐஸ்ல வெளியூர்லேர்ந்து வந்த மீன்தான் மேலே பரப்பி இருக்கும். நல்லது கூடையின் அடியில், ஈரத் துணிக்குக் கீழே, "நம்ம வீட்டு அம்மா வருவாங்க"னு எடுத்து வெச்சிருக்கும். அந்த வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "எந்தக் கூடையில வாங்குனேன்"னு சொல்வாங்கன்னு நினைக்கிறீங்களா?

இங்கே மூணு விஷயம் ஒண்ணா சேருது. சரக்கு குறைவு, உடனே கூட்ட முடியாது. நான் எடுத்தா உனக்கு இல்ல. மூணாவதுதான் முக்கியம்: விலை போதுமான அளவு ஏறல. விலை ஏறியிருந்தா ரகசியத்துக்கு வேலையே இல்ல. ஒரு கொடுவா ரெண்டாயிரம் ரூபாய்னு ஆனா, யார்கிட்ட இருக்குனு ஊருக்கே தெரிஞ்சாலும் காசு இருக்கிறவர்தான் வாங்கப் போறார். விலை அந்த வேலையைச் செய்யாதப்போ, 'யாருக்குத் தெரியும்' என்பதுதான் டோக்கன் ஆயிடுது.

அப்போ விற்கிறவங்க ஏன் விலையை ஏத்தறதில்ல? 1986-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தாலர் மூணு பேரும் மக்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் காலையில் கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம்னு சொன்னாங்க. தட்டுப்பாடு வந்ததும் விலை ஏத்துறவரை நாம மறக்க மாட்டோம். தடைக்காலத்துல மனசாட்சி இல்லாம ஏத்தினா ஜூன் 15-க்கு அப்புறம் அதே வாடிக்கை வேற கூடைக்குப் போயிடும்னு மீன்காரம்மாவுக்குத் தெரியும். அதனால விலையில ஏத்தாம உறவுல ஏத்துறாங்க. பிரான்சின் மார்செய் நகர மொத்த மீன் சந்தையின் பல ஆண்டு விற்பனைப் பதிவுகளை ஆலன் கிர்மன் என்கிற பொருளாதார அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் அலசினார்கள். விலைப்பலகை கிடையாது, பக்கத்துப் பக்கத்தில் எத்தனையோ வியாபாரிகள். இருந்தும் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஒரே வியாபாரியிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். மார்செய்யா இருந்தா என்ன, மேட்டுத் தெருவா இருந்தா என்ன, மீன் அழுகும், வரத்து நிச்சயமில்லை. அதனால வாடிக்கைங்கறது ஒரு இன்சூரன்ஸ் மாதிரி. இன்சூரன்ஸை யாரும் இரவல் தர்றதில்ல.

கொஞ்சம் கணக்குப் போடலாம், எஞ்சினியரிங் பசங்கதானே. ஒரு அக்கா வீட்ல தினமும் ராத்திரி 40 பொட்டலம் பிரியாணி போடுறாங்கன்னு வெச்சுக்குவோம். அதுக்கு மேல அவங்க அடுப்பு தாங்காது. 30 பேருக்குத் தெரியும்னா எல்லாருக்கும் கிடைக்கும், பத்து மிஞ்சும். இன்னும் 10 பேர்கிட்ட சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம், அக்காவுக்கு லாபம். 41-வது ஆள்கிட்ட சொல்ற நிமிஷம்தான் கதை மாறுது. 80 பேருக்குத் தெரிஞ்சா உங்க வாய்ப்பு பாதி. 400 பேர் இருக்கிற ஹாஸ்டல் குரூப்ல போட்டா 10 சதவீதம். ஆக ஒளிச்சு வைக்கிறது எப்பவும் சரி, எப்பவும் தப்புன்னு சொல்ல முடியாது. கோடு எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. நம்மல பெரும்பாலானவங்க 12 பேருக்கு மட்டும் தெரிஞ்ச கடைக்கே 41-வது ஆள் வந்துட்ட மாதிரி பதறுறோம்.

"ஒருத்தன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 5 பேருக்குத் தெரியும், ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு ஒரே ஒரு நண்பன்கிட்ட "யார்கிட்டயும் சொல்லாதே மச்சி"னு சொல்றாங்க. அடுத்த வாரம் 10, அப்புறம் 20, 40, நாலாவது வாரம் 80. யாருமே துரோகம் பண்ணல, எல்லாரும் ஒருத்தன்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. அக்கா வீட்டு வாசல்ல வரிசை.

வயித்துக் கணக்கு இப்படி. கௌரவக் கணக்குன்னு ஒண்ணு தனியா இருக்கு, பாதி நேரம் நாம இதை மறைக்கத்தான் அதைச் சொல்றோம். அமர் சீமா, ஆண்ட்ரூ கைகாட்டி என்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட கட்டுரையில், தனித்துத் தெரியணும்கிற ஆசை அதிகமா இருக்கிறவங்க, தாங்கள் வெச்சிருக்கிற, நாலு பேர் கண்ணில் படுகிற பொருளைப் பத்தி நல்லதாச் சொல்லிப் பரிந்துரைக்கத் தயங்குறாங்கன்னு காட்டினாங்க. வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துற பொருளுக்கு அந்தத் தயக்கம் இல்ல. ஷர்ட் லிங்க் வராததுக்கும் தலையணை லிங்க் உடனே வர்றதுக்கும் காரணம் புரியுதா? ஷர்ட் கடையில தீர்ந்துடும்னு பயமில்ல, அதே ஷர்ட்டை கிளாஸ்ல இன்னொருத்தன் போட்டுட்டு வருவான்கிற பயம். இன்னும் கூட வரும் ஆட்களால் ஒரு பொருளின் மதிப்பு சிலருக்குக் குறைகிறது என்பதை ஹார்வி லைபன்ஸ்டைன் 1950-லேயே எழுதி, அதற்குப் பகட்டு விளைவு என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார்.

குறைவா இருக்குனாலே நல்லா இருக்குனு தோணுற வியாதியும் இதோட சேர்ந்து வருது. 1975-ல் ஸ்டீபன் வொர்ச்செலும் உடனிருந்தவர்களும் மாணவிகளுக்கு பிஸ்கட் ஜாடி கொடுத்தாங்க. சிலருக்கு ஜாடியில் 10, சிலருக்கு 2. ரெண்டு இருந்த ஜாடியில எடுத்தவங்க அது இன்னும் விரும்பத்தக்கது, விலை கூடுதலா இருக்கும்னு மதிப்பிட்டாங்க. முதல்ல 10 காட்டிட்டு அதை எடுத்துட்டு 2 வெச்சப்போ மதிப்பு இன்னும் ஏறிச்சு. ஆனா ருசி கூடுதல்னு மட்டும் அவங்க சொல்லல. வாழ்க! அந்த ஒரு இடத்துல நாக்கு பொய் சொல்லல.

பயத்தால் வரும் ரகசியத்தையும் தட்டுப்பாட்டால் வரும் ரகசியத்தையும் பிரிச்சுப் பார்க்க கஞ்சா ஒரு நல்ல உதாரணம். நம்ம நாட்டுல 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இருக்கு, அதனால யார்கிட்ட எங்கே என்பதை மறைப்பது போலீஸுக்குப் பயந்து. கனடாவில் 2018 அக்டோபர் 17-லிருந்து அது உரிமம் பெற்ற கடையில் ரசீதோட விற்கிற பொருள். போலீஸ் பயம் போச்சு. அப்படியும் சின்னப் பண்ணையிலேர்ந்து கொஞ்சமா வர்ற ஒரு ரகம் தனக்குப் பிடிச்சுட்டா, அடுத்த லாட் வரும்போது அலமாரி காலியா இருக்கக் கூடாதேனு வாயை மூடிக்கிற வாடிக்கையாளர் இருக்கத்தான் செய்வார். சட்டம் போட்ட ரகசியம் கரைஞ்ச பிறகும் மிச்சமிருக்கிறது கூடைக்கு அடியில் இருக்கிற கொடுவாவோட ரகசியம்தான்.

சரி, கூடையை விட்டுட்டு அந்த மீன் வந்த இடத்துக்கே போவோம். கடலுக்குள்ள பாறைத் திட்டு இருக்கிற இடத்துல மீன் கூடும். கரையில் தெரியும் கோபுரம், மினாரா, கலங்கரை விளக்கம், மலை இதுல ரெண்டு ஜோடியை நேர்கோட்டுல பிடிச்சு, ரெண்டு கோடும் வெட்டுற புள்ளியை மனசுல குறிச்சுக்கிறது பழைய முறை. நாம சர்வேயிங் லேப்ல தியோடலைட் வெச்சுத் தடுமாறுறதை அவங்க கண்ணாலயே பண்ணியிருக்காங்க. இப்போ ஜி.பி.எஸ். கருவியில் எண்ணாப் பதிவாகுது. அந்த எண்கள் ஒரு படகுக்குச் சொத்து மாதிரி. ஒரு சின்னத் திட்டுல பத்துப் படகு நின்னா இன்னிக்கு மீன் பங்காகும், நாளைக்குத் திட்டே காலியாகும். இங்கே மறைப்பது சுயநலம்தான். ஆனா அந்தச் சுயநலத்தால திட்டும் கொஞ்சம் மூச்சு விடுது.

இது வெறும் பேச்சில்ல. இந்தோனேசியாவின் ரோட்டித் தீவில் இருக்கும் நீள்கழுத்து ஆமையை 1994-ல் தனி இனம்னு அறிவியல் உலகம் அறிவிச்சது. எங்கே இருக்குங்கறதும் தெரிஞ்சுபோச்சு. செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடிச்சுப் பிடிச்சு, காட்டில் அந்த ஆமை கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. 2017-ல் டேவிட் லிண்டன்மேயர், பென் ஷீலி என்கிற ரெண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழிலேயே, அரிய உயிரினங்கள் இருக்கும் துல்லியமான இடத்தை வெளியிடாதீங்கன்னு எழுதினாங்க. எல்லாத்தையும் பிரசுரிக்கிறதே தொழிலா இருக்கிறவங்க சொன்ன வார்த்தை இது.

ஆனா அதே மீன்ல இன்னொரு தகவலைப் பாருங்க. கேரளாவில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 1997-லிருந்து 2001-க்குள் மொபைல் சேவை கரையோரமா ஒவ்வொரு பகுதியா வந்தது. ராபர்ட் ஜென்சன் என்கிற பொருளாதார அறிஞர் மத்தி விற்பனையை முன்னும் பின்னும் அளந்தார். மொபைல் வர்றதுக்கு முன்னாடி ஒரு கரையில் வாங்க ஆளில்லாம மத்தியைக் கொட்டுவாங்க, அதே காலையில கொஞ்ச தூரத்துல இன்னொரு கரையில் மீன் இல்லாம ஆள் நிப்பாங்க. பிடிச்ச மீன்ல 5-லிருந்து 8 சதவீதம் இப்படி வீணாச்சு. கடல்லேர்ந்தே போன் பண்ணி எங்கே என்ன விலைனு கேட்க முடிஞ்சதும் அந்த வீணாவது நின்னுபோச்சு. மீனவர் லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறிச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் இறங்கிச்சு. ரெண்டு பக்கமும் ஜெயிச்சாங்க! 'மீன் எங்கே இருக்கு'ங்கற தகவல் பரவினா பங்கு சுருங்கும். 'வாங்குறவர் எங்கே இருக்கார்'ங்கற தகவல் பரவினா பங்கு பெருகும். ஒரே மத்திதான்.

நம்ம டெல்டாவிலேயே இதைவிட அழகான ஒண்ணு நடந்திருக்கு, எனக்கு இந்தக் கட்டுரையில எழுதப் பிடிச்ச இடமே இதுதான். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி எல்லாம் இன்னிக்கு பாக்கெட்ல விக்குது. ஒரு காலத்துல இதெல்லாம் அங்கொரு வீடு இங்கொரு வீடுனு சில விவசாயிகள்கிட்ட மட்டும் இருந்த விதை. பற்றாக்குறைப் பொருள்னா இதைவிடப் பற்றாக்குறை கிடையாது. திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதை, காசு வேண்டாம். அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். 2018 டிசம்பரில் அவர் இறக்கும்போது 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன.

இங்கே நம்ம பிரியாணிக் கணக்கு தலைகீழா ஓடுது. விதையைப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சா ஒரு வெள்ளத்துல, ஒரு தடவை முளைப்புத்திறன் போனா, அந்த ரகமே முடிஞ்சது. நாற்பது ஊர்ல நாற்பது பேர்கிட்ட இருந்தா ஒரு ஊர்ல அழிஞ்சாலும் இன்னொரு ஊர்லேர்ந்து திரும்ப வாங்கலாம். பேக்கப் எடுக்காம ஃபைனல் இயர் பிராஜெக்டை ஒரே பென்டிரைவ்ல வெச்சுத் தொலைச்சவங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இதை ஹாஸ்டலுக்குள்ள கொண்டு வந்தா கொஞ்சம் சங்கடமான இடத்துல நிக்கும். சீனியர் கொடுத்த பழைய கொஸ்டின் பேப்பர், ஒரு நல்ல நோட்ஸ் பி.டி.எஃப். நகல் எடுத்தா தீராது, விதை மாதிரிதான். ஆனா ரிலேட்டிவ் கிரேடிங் இருந்தா அதே பி.டி.எஃப். கொடுவா ஆயிடுது, ஏன்னா தீர்றது நோட்ஸ் இல்ல, 'எஸ்' கிரேடு. பசங்க கெட்டவங்கனு சொல்றதுக்கு முன்னாடி மார்க் போடுற முறையைப் பார்க்கணும்னு எனக்குத் தோணுது. அப்சொல்யூட் கிரேடிங் பேப்பருக்கும் நோட்ஸை மறைக்கிறவரை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, அது வெறும் பழக்கதோஷம்.

இன்டர்ன்ஷிப் லிங்க் இன்னும் மோசம். இந்தியாவின் மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷாவருஷம் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப் கொடுக்கிறாங்க. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் விண்ணப்பிக்கிறது அது. அறிவிப்பு அவங்க இணையதளத்துலயே இருக்கு. ரூம்மேட்கிட்ட மறைச்சா உங்க போட்டியாளர் எண்ணிக்கையில ஒண்ணு குறையும், ஆயிரக்கணக்குல ஒண்ணு. உங்களுக்கு வர்ற லாபம் தசமப் புள்ளிக்கு அப்புறம் எத்தனையாவது இலக்கம்னு தேடணும். ரூம்மேட்டுக்கு? வீட்ல முதல் பட்டதாரி, வழி சொல்ல ஆளில்லாதவன்னா, கடைசித் தேதி தாண்டின பிறகு அடுத்தவன் ஸ்டேட்டஸ்ல பார்த்துத்தான் இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியும். சின்னத் திட்டுக்குத்தான் ரகசியம் உதவும், பெருங்கடலுக்கு நடுவுல கையை விரிச்சு மறைச்சு என்ன பண்றது?

"இது ஏது?"ங்கற கேள்வி நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. புனிதவதியார் தந்த ரெண்டாவது மாம்பழத்தைத் தின்னுட்டு பரமதத்தன் கேட்டதும் அதைத்தான். அவர் மறைக்காம சோர்ஸைச் சொன்னார், கேட்டவர்தான் நம்பல. அந்த நினைவா ஆனி மாசப் பௌர்ணமியில மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடியிலேர்ந்தும் மொட்டைமாடியிலேர்ந்தும் மாம்பழத்தை அள்ளி வீசுறாங்க. கூடைக்கு அடியில ஒளிச்ச மீனும் தலைக்கு மேல பறக்கிற பழமும் ஒரே ஊர்லதான்.

பிரியாணி அக்கா விஷயத்துல மட்டும் நாம யாருமே கேட்காத ஒரு ஆள் பாக்கி இருக்கார், அந்த அக்கா. 400 பேர் வரிசையில வந்தா ஒரு வாரம் திணறி, அரிசியை மாத்தி, ருசி போய், கடைசில சலிச்சுப்போய் நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. இல்ல, நாம 12 பேரா ரகசியம் காத்ததுல தினமும் 28 பொட்டலம் மிஞ்சி, "இந்த ஊர்ல ஓடல"னு அடுத்த மாசம் பாத்திரத்தைக் கவுத்து வெச்சாலும் வெப்பாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போனா பாத்திரத்தை எட்டிப் பாருங்க. மிச்சம் இருந்தா, குரூப்ல போடட்டுமான்னு அவங்களையே கேட்டுட்டு வாங்க.